வெள்ளரிக்காய் மீது விழுந்த பழி

ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று ஒரு பெரிய துறைமுகப் பட்டணம் உண்டு. 2011-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி அந்த ஊரிலிருந்து தலைநகர் பெர்லினுக்கு ஒரு அவசரச் செய்தி போயிற்று. மூன்று குழந்தைகள் ஒரே சமயத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மூவருக்கும் சிறுநீரகம் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. காரணம் புரியவில்லை என்பதே செய்தி.

மறுநாளே பெர்லினிலிருந்து நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். வந்து பார்த்தால் விஷயம் மூன்று குழந்தைகளோடு நிற்கவில்லை. பெரியவர்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வயிற்றுவலி. பிறகு ரத்தபேதி. ஒரு வாரம் ஆவதற்குள் பலர் தேறிவிடுவார்கள். ஆனால் சிலருக்கு அதற்குப் பிறகுதான் ஆபத்து ஆரம்பித்தது. முகம் வெளுத்தது. சிறுநீர் குறைந்தது. சிலருக்குப் பேச்சே குழறியது. நேற்று வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த திடகாத்திரமான மனிதர்களுக்கு யந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டு மாதத்துக்குள் ஜெர்மனியில் 3,842 பேர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 855 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 53 பேர் இறந்தார்கள். யுத்தம் இல்லை, வெள்ளம் இல்லை, பஞ்சம் இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதனால் வந்த சாவு!

டாக்டர்களுக்கு ஒரு விஷயம் வியப்பாக இருந்தது. இந்த வகை நோய் வழக்கமாகச் சிறு குழந்தைகளைத்தான் தாக்கும். ஆனால் இந்தத் தடவை சிறுநீரகம் கெட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெரியவர்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பட்டணத்துப் பெண்கள் அதிகமாகச் சாப்பிட்டு, ஆண்களும் பிள்ளைகளும் குறைவாகச் சாப்பிடும் பண்டம் எது? பச்சைக் காய்கறிதான் என்று முதலில் எல்லோருக்கும் தோன்றியது. உடம்புக்கு நல்லது என்று தேடித் தேடிச் சாப்பிட்டவர்களே படுக்கையில் விழுந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் மனசை உறுத்தும் பகுதி.

யார் இந்தக் கிருமி?

1885-ம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர், கைக்குழந்தைகளின் மலத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஆராய்ந்தார். அதில் குச்சி குச்சியாக ஒரு நுண்கிருமி ஏராளமாக இருந்தது. பின்னாளில் அவருடைய பெயரையே அதற்கு வைத்தார்கள். சுருக்கமாக 'ஈ. கோலை' என்பார்கள். இது நம் எல்லோருடைய குடலிலும் இருக்கிறது. ஆடு மாடுகளின் குடலிலும் இருக்கிறது. பெரும்பாலும் சாது. வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் குடித்தனக்காரன் மாதிரி, தொந்தரவு கிடையாது.

ஆனால் அந்தக் குடும்பத்தில் சில போக்கிரிகளும் உண்டு. 1897-ல் ஜப்பானிய விஞ்ஞானி கியோஷி ஷிகா சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தக் கிருமி கக்கும் விஷத்துக்கு 'ஷிகா நஞ்சு' என்று பெயர். அதே நஞ்சைக் கக்கும் வித்தையைக் கற்றுக்கொண்ட ஈ. கோலைகளும் உலகில் இருக்கின்றன. அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்தால் சிவப்பு அணுக்கள் உடையும். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும்.

ஹாம்பர்க்கில் வந்தது அதிலும் ஒரு புது தினுசு. குடல் சுவரில் செங்கல் அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும் ஒருவகை ஈ. கோலை உண்டு. அது தானாக ஷிகா நஞ்சைக் கக்காது. இந்தக் கிருமியோ ஒட்டிக்கொள்ளவும் செய்தது. நஞ்சைக் கக்கவும் செய்தது. போதாக்குறைக்குப் பல மருந்துகளுக்கும் அடங்காமல் நின்றது. விஞ்ஞானிகள் இதற்கு 'ஓ104' என்று எண் போட்டார்கள்.

இதைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சங்கடம். ஷிகா நஞ்சு கக்கும் கிருமிகளில் பேர்போனது 'ஓ157' என்பது. அதை ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்தால், 'சார்பிட்டால்' என்ற ஒருவகைச் சர்க்கரையை அது சட்டென்று தொடாது. அந்த அடையாளத்தை வைத்துப் பிடித்துவிடுவார்கள். ஓ104 அந்தச் சர்க்கரையைச் சாதுக் கிருமிகளைப் போலவே சாப்பிட்டது. தட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போலீஸ்காரர் திருடனை மச்சத்தைப் பார்த்துத் தேடுகிறார்; இந்தத் திருடனுக்கோ மச்சமே இல்லை! ஆனால் அது மருந்துகளுக்கு அடங்காது என்ற குணமே அதைக் காட்டிக்கொடுத்தது. மருந்து கலந்த தட்டில் மற்றக் கிருமிகள் செத்துப்போக, இது மட்டும் தலைதூக்கி நின்றது. மே 25-ந் தேதிக்குள் மியூன்ஸ்டர் நகரத்துப் பேராசிரியர் ஹெல்கே கார்ஷ் அதன் இனத்தை அடையாளம் கண்டார். ஜூன் முதல் வாரத்தில், சீனாவின் ஷென்சென் நகர ஆய்வுக்கூடமும் ஹாம்பர்க் ஆஸ்பத்திரியும் சேர்ந்து அதன் முழு ஜாதகத்தையும் படித்து உலகத்துக்கே வெளியிட்டுவிட்டன.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தான் என்பதுதான் தெரியவில்லை.

அவசரத்தில் சொன்ன பேர்

நோயாளிகளைக் கேட்டார்கள். தக்காளி சாப்பிட்டோம், வெள்ளரிக்காய் சாப்பிட்டோம், கீரை இலை சாப்பிட்டோம் என்று பலர் சொன்னார்கள். மே 25-ந் தேதி அரசாங்க அறிவிப்பு வந்தது. பச்சைத் தக்காளி, வெள்ளரிக்காய், சாலட் இலை ஆகியவற்றை, முக்கியமாக ஜெர்மனியின் வட பகுதியில், இப்போதைக்குச் சாப்பிட வேண்டாம் என்றார்கள். அதுவரை சரி. பொதுவாக எச்சரிப்பது சர்க்காரின் கடமை.

அடுத்த நாள்தான் வினை வந்தது. ஹாம்பர்க் மார்க்கெட்டில் எடுத்த சில வெள்ளரிக்காய்களில் ஷிகா நஞ்சு கக்கும் கிருமி இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஸ்பெயின் நாட்டுக் காய்கள் என்று அந்த நகரத்து சுகாதார மந்திரி அறிவித்தார். அவ்வளவுதான்! ஐரோப்பா முழுவதும் 'ஸ்பெயின் வெள்ளரிக்காய்' என்றால் விஷம் என்று ஆயிற்று. லாரிகள் திரும்பின. அல்மேரியா, மலகா ஜில்லாக்களில் பறித்த காய்கள் மலையாகக் குவிந்து அழுகின. வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று ஸ்பெயின் விவசாயிகள் அலறினார்கள். ரஷ்யா ஐரோப்பியக் கூட்டமைப்பின் காய்கறி எதுவுமே வேண்டாம் என்று கதவை மூடிற்று.

மே 31-ந் தேதி உண்மை வெளிவந்தது. காயில் கிருமி இருந்தது நிஜம். ஆனால் அது ஓ104 அல்ல, வேறு இனம்! களவு நடந்த தெருவில் கத்தியோடு ஒருவன் அகப்பட்டான். ஆனால் களவாடியவன் அவன் இல்லை.

இந்த நிலையில் அரசியல்வாதிகள் செய்வது ஒன்று உண்டு. ஸ்பெயினின் ஆண்டலூசியா மாகாணத்து விவசாய மந்திரி கிளாரா அகிலேரா பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் வெள்ளரிக்காயைக் கடித்துச் சாப்பிட்டுக் காட்டினார். இதற்கு 15 வருஷம் முந்தி, 1996-ல், ஜப்பானில் சகாய் நகரத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஓ157 கிருமியால் நோயில் விழுந்தபோது, முள்ளங்கி முளையின் மீது சந்தேகம் விழுந்தது. முளை பயிரிடுவோர் நொடித்துப்போக, அந்நாட்டு சுகாதார மந்திரி நவோதோ கான் அதைத் தாமே சாப்பிட்டுக் காட்டினார். மந்திரிகள் சாப்பிடுவதால் எதுவும் நிரூபணம் ஆவதில்லை. ஒரு தட்டில் கிருமி இல்லை என்றால் ஊரில் எங்கும் இல்லை என்று ஆகிவிடுமா? ஆனாலும் வயிற்றில் அடிபட்ட விவசாயிக்கு அது கொஞ்சம் ஆறுதல். அதைக் கேலி செய்வதற்கில்லை.

கேள்வி வேறு. ஒரு அதிகாரி எப்போது வாய் திறக்க வேண்டும்? முழு நிரூபணம் வரும் வரை காத்திருந்தால், அதற்குள் இன்னும் பத்துப் பேர் சாகலாம். அரைகுறையாக இருக்கும்போதே பேர் சொன்னால், குற்றமில்லாத ஆயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வரலாம். இது சுலபமான தீர்ப்பு அல்ல. ஆனால் ஒன்று செய்திருக்கலாம். காயில் கிருமி இருக்கிறது. அது நோயாளியின் கிருமிதானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து நாளில் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். காயை ஒதுக்கியிருக்கலாம், நாட்டின் பேரை ஒதுக்கியிருக்க வேண்டாம். பிற்பாடு ஐரோப்பியக் கூட்டமைப்பு விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தது. ஒரு வார்த்தையின் விலை அது.

ரசத்தில் கொத்தமல்லி இருந்ததா?

சரி, வெள்ளரிக்காய் இல்லை. அப்படியானால் எது?

இங்கேதான் மனிதனுடைய ஞாபகசக்தியின் லட்சணம் வெளிப்பட்டது. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஓட்டலில் சாப்பிட்ட ரசத்தில் கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டிருந்தார்களா என்று யாரையாவது கேட்டால் என்ன சொல்வார்? ரசம் சாப்பிட்டது ஞாபகம் இருக்கும். மேலே மிதந்த இலை ஞாபகம் இருக்காது. ஜெர்மனியிலும் அதுதான் நடந்தது. குற்றவாளி தட்டின் ஓரத்தில் அலங்காரமாகத் தூவப்பட்டிருந்தது. நோயாளிகளில் நாலில் ஒருவருக்குத்தான் அதைச் சாப்பிட்டதாக ஞாபகம். ஆகவே முதல் விசாரணையில் அது சந்தேகப் பட்டியலில்கூட நிற்கவில்லை.

அப்போது ராபர்ட் கோக் நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். கோஷ்டியாகச் சென்று ஓட்டலில் சாப்பிட்டுச் சிலருக்கு மட்டும் நோய் வந்த இடங்களைத் தேடிப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட ஓட்டல் ஒன்று லியூபெக் நகரத்தில் இருந்தது. விருந்தாளிகளிடம், "உள்ளே என்னென்ன இருந்தது?" என்று கேட்கவில்லை. "எந்தப் பலகாரம் வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். பில்லைப் பார்த்தார்கள். எடுத்த போட்டோக்களைப் பார்த்தார்கள். பிறகு நேரே அடுப்படிக்குப் போய்ச் சமையற்காரரிடம், அந்தந்தத் தட்டில் எது எது எவ்வளவு போட்டார் என்று எழுதி வாங்கினார்கள். சாப்பிட்டவர் மறந்துவிடலாம், தினம் நூறு தட்டு வைக்கும் சமையற்காரர் மறக்க மாட்டார் அல்லவா?

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நோயில் விழுந்த ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு பொருள் இருந்தது. தக்காளி அல்ல. வெள்ளரிக்காய் அல்ல. முளைகட்டிய தானியம்!

இன்னொரு பக்கத்தில் விவசாய இலாகாக்காரர்கள் வேறு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். நோய் கண்ட ஓட்டல்கள், காண்டீன்கள், விருந்துகளுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று ரசீதைப் புரட்டிப் பின்னோக்கிப் போனார்கள். அந்த ரசீதுகளெல்லாம் பீனன்பியூட்டல் என்ற சிற்றூரில் இருந்த ஒரு முளைப்பண்ணையில் போய் முடிந்தன. மொத்தம் 41 இடங்களில் கும்பலாக நோய் வந்திருந்தது. 41-க்கும் அந்த ஒரே பண்ணைதான் மூலம். பண்ணையில் வேலை செய்த சிலருக்கும் அதே நோய் வந்திருந்தது. ஜூன் 10-ந் தேதி மூன்று அரசாங்க நிலையங்களும் சேர்ந்து அறிவித்தன: முளைதான் காரணம், வெள்ளரிக்காயும் தக்காளியும் சாலட் இலையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

சோதனைக் குழாய் சாதிக்காததைச் சமையற்காரரின் வாக்குமூலமும் கடைக்காரரின் கணக்குப் புஸ்தகமும் சாதித்தன. விஞ்ஞானம் என்றால் கண்ணாடிக் குழாய் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வெந்தயமா!

ஆனால் பண்ணைக்குள் கிருமி எப்படி வந்தது? அதற்குப் பதில் பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்தது.

ஜூன் மாதக் கடைசியில், போர்தோ நகரத்தை அடுத்த பெகிள் என்ற ஊரில் சிலருக்கு இதே நோய் வந்தது. சோதித்தால் அதே ஓ104. அவர்கள் ஜெர்மனிக்குப் போகவில்லை. ஜெர்மன் முளையையும் சாப்பிடவில்லை. ஜூன் 8-ந் தேதி, குழந்தைகள் நிலையம் ஒன்றில் நடந்த விழாவில், குளிர்ந்த சூப்பின் மேல் முளை தூவிக் கொடுத்திருந்தார்கள். அந்த முளையை அங்கேயே விதை வாங்கி வளர்த்திருந்தார்கள். அப்படியானால் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்தது பண்ணை அல்ல, விதை!

இரண்டு தேசத்து ரசீதுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு விதைதான் இரண்டிலும் ஒன்றாக வந்து நின்றது. எகிப்து நாட்டில் விளைந்து, 2009-ம் வருஷக் கடைசியில் கப்பலில் ஜெர்மனிக்கு வந்த 15,000 கிலோ சரக்கு. அது 70 கம்பெனிகளுக்குக் கைமாறியிருந்தது. அந்த விதை என்ன தெரியுமா? நம்முடைய அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயம்!

ஜூலை 5-ந் தேதி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிலையம் இதை வெளியிட்டது. எகிப்து அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. விதையை எத்தனையோ தடவை சோதித்தும் அதில் ஓ104 அகப்படவே இல்லை. வெள்ளரிக்காய் விஷயத்தில் கிருமி கிடைத்தது, குற்றம் பொய்யாயிற்று. வெந்தயம் விஷயத்தில் கிருமி கிடைக்கவில்லை, ஆனால் வழித்தடம் பிசகாமல் வந்து சேர்ந்தது. விசித்திரம்தான்! ஆனாலும் இரண்டு தேசம், இரண்டு சமையலறை, ஒரே கிருமி, ஒரே மூட்டை விதை என்றால் அதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில், வயலிலோ களத்திலோ கிடங்கிலோ, மனித மலமோ மிருகச் சாணமோ அந்த விதையில் பட்டிருக்க வேண்டும் என்பதே நிபுணர்கள் முடிவு.

அது சரி, 15,000 கிலோவில் தேடியும் அகப்படாத கிருமி நாலாயிரம் பேரை எப்படி வீழ்த்தியது? முளைகட்டும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. காய்ந்த விதையில் கிருமி வருஷக் கணக்கில் தூங்கும். அதை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வெதுவெதுப்பாக வைக்கிறோம். விதைக்கு எது சுகமோ அதுவே கிருமிக்கும் சுகம்! வசதியான இடத்தில் ஈ. கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டு, இரண்டு நாலு, நாலு எட்டு. ஏழு மணி நேரத்தில் ஒரு கிருமி இருபது லட்சம் ஆகும். நூற்றுக்கும் குறைவான ஓ157 கிருமிகளே நோயை உண்டாக்கப் போதும் என்கிறார்கள். விதையின் கீறல்களில் ஒளிந்திருக்கும் கிருமி கழுவினாலும் முழுவதும் போகாது. பச்சையாகச் சாப்பிட்டால் அடுப்பின் உதவியும் கிடையாது.

இதே ஊர், 1892-ல்

ஹாம்பர்க் இப்படி அடிபடுவது இது முதல் தடவை அல்ல. 1892-ம் ஆண்டு அந்த நகரத்தில் காலரா வந்தது. சில வாரங்களில் 8,600 பேர் இறந்தார்கள். எல்பா நதித் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டிருந்தார்கள். ஒட்டினாற்போல் ஆல்டோனா என்ற ஊர். அதே நதியில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் தண்ணீரைத்தான் அவர்கள் எடுத்தார்கள்! ஆனால் மணலில் வடிகட்டி அனுப்பினார்கள். ஒரே தெருவில் ஹாம்பர்க் பக்கம் பாடை போயிற்று. ஆல்டோனா பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. விசாரணைக்கு வந்த டாக்டர் ராபர்ட் கோக் இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். 119 வருஷம் கழித்து அதே ஊருக்கு வந்த நிபுணர்கள் அவர் பெயரால் நடக்கும் நிலையத்திலிருந்து வந்தவர்கள்.

மணல் வடிகட்டி என்ன செய்தது? ஒவ்வொரு வாளியையும் சோதித்து நல்லது கெட்டது பிரிக்கவில்லை. எல்லாத் தண்ணீரையும் கெட்டது என்றே வைத்துக்கொண்டு சுத்தம் செய்தது. உணவுக் கிருமி விஷயத்தில் இது பெரிய பாடம். ஆயிரம் பொட்டலத்தில் ஒன்றில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பொட்டலத்தை எடுத்துச் சோதித்தால், நூற்றுக்கு 94 தடவை அந்தக் கெட்ட பொட்டலம் கையில் அகப்படாமலே போகும். 'சோதித்துவிட்டோம், சுத்தம்' என்று முத்திரை குத்தியும் அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கணக்கை 1960-களில் அமெரிக்கர்கள் ஆகாயத்துக்கு மனிதனை அனுப்பும்போது கண்டுகொண்டார்கள். விண்வெளியில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கதி! கடைசியில் சோதிக்கலாம் என்றால், நிச்சயப்படுத்திக்கொள்ள எல்லா உணவையும் சோதித்தே தீர்க்க வேண்டும். சாப்பிட மிச்சம் இராது. ஆகவே பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனியும் விண்வெளி நிலையமும் சேர்ந்து வேறு முறை வகுத்தன. எந்தெந்தக் கட்டத்தில் கிருமி நுழையலாம் என்று முதலிலேயே யோசித்து, அந்தந்தக் கட்டத்தில் சூடு இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று விதித்து, அதைக் குறித்து வைக்க வேண்டும். இன்று பெரிய பால் பண்ணைகளும் உணவுத் தொழிற்சாலைகளும் பின்பற்றுவது இந்த வழியைத்தான். பாலை 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்து அனுப்புவதும் இதே தத்துவம்.

முளைப்பண்ணைக்கோ அடுப்பு இல்லை. அதுதான் அங்கே இடைஞ்சல். அதனால் 2013-ல் ஐரோப்பாவில் புதுச் சட்டம் போட்டார்கள். முளை தயாரிப்பவர் அனுமதி பெற வேண்டும். எந்த மூட்டை விதை எங்கே போயிற்று என்று கணக்கு இருக்க வேண்டும். முளையைச் சோதிக்கவும் வேண்டும். ஜெர்மனியும் அதே வருஷம் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. அதற்கு முன்பு ஊர் சுகாதார அதிகாரி மாகாணத்துக்கு எழுதி, மாகாணம் பெர்லினுக்கு எழுதி, தகவல் போய்ச் சேர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று இருந்தது. மே மாத ஆரம்பத்திலேயே நோய் தொடங்கிவிட்டது. பெர்லினுக்கு விஷயம் எட்டியது 19-ந் தேதி. யந்திரங்களுக்குப் பேர்போன நாட்டில், கிருமியை விடக் காகிதம் மெதுவாக நடந்திருக்கிறது!

இந்தச் சட்டங்களை முளை வியாபாரிகள் சிலர் தொல்லை என்று நினைக்கலாம். ரசீது வைப்பதும் கணக்கு எழுதுவதும் சிறு வியாபாரிக்குச் சிரமம்தான். ஆனால் 2011-ல் கடைசியில் வெள்ளரிக்காய் விவசாயியைப் பழியிலிருந்து விடுவித்ததும் அந்த ரசீதுதான் என்பதை மறக்கக் கூடாது. கணக்கு இல்லாத இடத்தில் வதந்திதான் கணக்கு எழுதும். ஒரு பண்டத்தின் மேல் சந்தேகம் விழும்போது, இது எங்கள் சரக்கு அல்ல என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவன் எல்லோருடைய பாவத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதுதான்.

நம் வீட்டு அடுப்படியில்

உலகத்திலேயே வெந்தயம் அதிகமாக விளைவது இந்தியாவில்தான். இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள வெந்தயத்தை யாரும் கொட்டிவிட வேண்டாம். சாம்பாரிலும் குழம்பிலும் தாளித்தோ கொதிக்கவைத்தோ சாப்பிடும் வெந்தயத்தால் இந்தப் பயம் கிடையாது. இட்லி மாவில் அரைத்துப் போட்டாலும் ஆவியில் வெந்துதான் வருகிறது. உணவின் நடுப்பகுதி வரை 70 டிகிரி சூடு ஏறி இரண்டு நிமிஷம் நின்றால் ஈ. கோலை செத்துவிடும். நம் முன்னோர் பாத்திரத்தில் தளதளவென்று கொதி வந்ததும் இறக்கியது கிருமி சாஸ்திரம் படித்தா? இல்லை. ஆனால் அடுப்பு அவர்களைக் காப்பாற்றியது.

ஜாக்கிரதை வேண்டியது முளைகட்டிய பயறும் வெந்தயமும் பச்சையாகச் சாப்பிடும்போதுதான். சர்க்கரை வியாதிக்கு நல்லது, உடம்பு இளைக்க நல்லது என்று இப்போது வீட்டுக்கு வீடு முளை கட்டுகிறார்கள். சத்து உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோயாளிகள் பச்சை முளையைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது. மற்றவர்களும் நன்றாக ஆவியில் வேகவைத்துச் சாப்பிட்டால் கவலை இல்லை. கொஞ்சம் சத்து குறைந்தால் குறையட்டும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. முளை கட்டும் துணியைத் தினம் கொதிநீரில் அலச வேண்டும். முளைத்தது மிஞ்சினால் வெளியே வைக்காமல் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். குளிரில் கிருமி சாகாது. ஆனால் பெருகுவது மட்டுப்படும். வழவழப்போ வாடையோ வந்துவிட்டால் மாட்டுக்குக்கூடப் போடாமல் எறிந்துவிட வேண்டியதுதான்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் ரத்தம் கண்டால் கைமருந்து பார்த்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. இந்த வகைக் கிருமிக்குச் சில மருந்துகள் நஞ்சை அதிகமாக்கிவிடவும் கூடும். டாக்டரிடம் போகும்போது, முந்தின ஒரு வாரம் பிள்ளை எங்கெங்கே என்னென்ன சாப்பிட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் பெரிய உதவி. தட்டின் மேல் தூவியிருந்த தழையையும் சேர்த்து எழுத வேண்டும்.